தடை போட்டால் தீர்ந்துவிடுமா?

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், போடி தெருக்களில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குச்சட்டியோடு அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து திரும்புகிறவர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் எந்த ஆபத்து வந்தாலும் அதன் வழியில் முதலில் நிற்பது இவர்கள்தான். ஆபத்தை எப்படிச் சமாளிப்பது என்று பேசுகிற மேசையில் மட்டும் இவர்களுக்கு நாற்காலி கிடையாது.

2011 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். முல்லைப் பெரியாறு பிரச்சனை சூடேறியபோது, எல்லைக்கு அப்பால் தோட்டத்தில் இருந்த தமிழ்ப் பெண்கள் தாக்கப்பட்டார்கள், அவமானப்படுத்தப்பட்டார்கள் என்று செய்திகள் வந்தன. கம்பம், கூடலூர் மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டார்கள். 144 தடை போடப்பட்டது, காவல்துறை தடியடி நடத்தியது. கூட்டத்தைக் கலைப்பது ஒரு வேலைதான். ஆனால் மலைமேல் மாட்டிக்கொண்ட பெண்களைப் பத்திரமாகக் கீழே கொண்டுவருவது அதைவிடப் பெரிய வேலை இல்லையா? அன்று மேடையில் பேசிய தலைவர்களுக்கு அந்தப் பெண்கள் தமிழ் மானத்தின் அடையாளம். போலீசுக்கு அது சட்டம் ஒழுங்குப் பிரச்சனை. கூலியும் உயிரும் உள்ள தொழிலாளிகளாக அவர்களைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

2018 மார்ச் 11, குரங்கணி. மகளிர் தினத்தையொட்டிச் சென்னையிலிருந்து வந்த குழுவும், திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்த குழுவும் கொழுக்குமலைக்கு ஏறி இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். பெரும்பாலோர் பெண்கள். கடைசியில் இறந்தவர்கள் 23 பேர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்பே மேலே ஓடியது உள்ளூர் சனங்கள். தீப்பட்டவர்களைத் துணியில் கிடத்தித் தூக்கி வந்தவர்களும் அவர்கள்தான். மலையில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை அன்றிரவு செய்திக்குச் செய்தி மாறியது. பிறகு வழக்குப் பதிவானது, வனத்துறை அதிகாரி ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார், விசாரணைக்கு உத்தரவிட்டார்கள், மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. ஊர்வாய் மட்டும் ஒன்றையே கேட்டது: 'பொம்பளைப் புள்ளைகளுக்கு எதுக்கு மலையேத்தம்?' தீத்தடுப்புக் கோடு இருந்ததா, எச்சரிக்கை போனதா என்று கேட்கவேண்டிய வாய்கள் செத்தவளின் ஒழுக்கத்தை விசாரித்தன.

2023 மே 27. அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள் வந்தது. மறுபடியும் 144. யானையைப் பார்க்கவும் படம் பிடிக்கவும் கூட்டம் கூடுகிற இடத்தில் தடை தேவைதான், மறுக்கவில்லை. யானை மோதி ஒருவர் இறந்தும் போனார். ஜூன் 5 அன்றுதான் அதைப் பிடித்துக் களக்காடு பக்கம் கொண்டுபோனார்கள். அத்தனை நாளும் திராட்சைத் தோட்டத்துக்கும் ஏலத்தோட்டத்துக்கும் அன்றாடம் கூலிக்குப் போகிறவள் என்ன செய்வாள்? 144 என்ற சட்டப்பிரிவு அவளை வெளியே வராதே என்று சொல்லும். அடுப்பு எப்படி எரியும் என்று சொல்லாது. இப்போது அதன் பெயர் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163. எண் மாறியது, குணம் மாறவில்லை.

'அவசர நேரத்தில் ஆண் பெண் பார்க்க முடியுமா?' என்று கேட்பார்கள். பார்க்காமல் இருப்பதாகச் சொல்வதுதான் பொய். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் கலெக்டர் தலைவர், உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர். போலீஸ் எஸ்.பி.யும் மருத்துவத் துறைத் தலைமை அதிகாரியும் பதவி வழி உறுப்பினர்கள். மற்ற இடங்களும் அதிகாரிகளுக்கே. பெண் ஒருவராவது இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கூலிக்காரப் பெண்ணுக்கோ வழியே இல்லை. 1992இல் நாட்டுக்கே முன்மாதிரியாக அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கிய மாநிலம் இது. ஆனால் அந்த நிலையத்தைக் குடும்பச் சண்டைக்கும் வரதட்சணைப் புகாருக்கும் என்று ஒதுக்கிவிட்டோம். தீ, வெள்ளம், கலவரம் என்றால் அது ஆம்பளை வேலையாகிவிடுகிறது.

நாம் கேட்பது சலுகை அல்ல. அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, மாவட்ட ஆணையம் ஆலோசனைக் குழுக்கள் அமைக்கலாம் என்கிறது. தோட்டத் தொழிலாளிப் பெண்களையும், மலைக்கிராமப் பெண்களையும் கொண்டு தேனியில் ஒரு குழு அமையுங்கள். எந்த ஜீப்பில் யார் ஏறினார்கள், யார் திரும்பவில்லை, எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பாதை என்று அவர்களுக்கு மனப்பாடம். குரங்கணியில் இல்லாமல் போனது அந்தக் கணக்குதான். தேனி போலீசும் இடுக்கி போலீசும் கலவரத்துக்கு முன்பே பேசிவைத்து, தோட்டப் பெண்களைத் திருப்பி அழைத்து வரத் திட்டம் வைத்திருக்கட்டும். தடை போடுகிற நாளுக்குக் கூலி கொடுங்கள். மீட்புப் பயிற்சியைப் பெண் காவலர்களுக்கும் ஊர்ப்பெண்களுக்கும் சேர்த்தே கொடுங்கள்.

நாளைக்கும் விடிவதற்கு முன்பே அந்த ஜீப்புகள் கிளம்பும். அதில் போகிறவளுக்கு மலையில் ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, யார் வருவார்கள் என்று இன்றைக்கே தெரிந்திருக்கவேண்டும். அதைச் சொல்ல முடியாத மாவட்ட நிர்வாகம், எத்தனை தடுப்புக் கம்பிகளைச் சாலையில் போட்டாலும் அவளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.