புற்றுநோய்ப் பதிவேடு: இறந்தவர்களையும் எண்ண வேண்டும்

“எங்க பக்கம் இப்ப தெருவுக்கு நாலு பேருக்கு கேன்சர்.” தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஊர்களிலும், தாது மணல் நிறைந்த குமரிக் கடற்கரையிலும் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் நோய் உண்மையிலேயே கூடியிருக்கிறதா, பரிசோதனை பெருகியதால் முன்பு தெரியாதது இப்போது தெரியவருகிறதா, முதியவர்கள் அதிகமானதால் எண்ணிக்கை ஏறியதா என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஆவணம் ஒன்றே ஒன்றுதான்: மக்கள்தொகை அடிப்படையிலான புற்றுநோய்ப் பதிவேடு. அது ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பகுதியில் வாழும் அத்தனை பேரிலும் யாருக்குப் புதிதாக நோய் கண்டது என்று ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது.

கேரளத்தின் கருநாகப்பள்ளியில் அப்படியொரு பயத்தைப் பதிவேட்டின் துணையோடு சோதித்துப் பார்த்தார்கள். அங்குள்ள மோனசைட் மணலில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். 1990-இல் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்கே பதிவேட்டைத் தொடங்கியது. ஏறக்குறைய 70,000 பேரை 2005 வரை பின்தொடர்ந்து, 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. இந்த முடிவை ஏற்கலாம், கேள்வி கேட்கலாம். எதுவானாலும் பேச ஓர் அடிப்படை இருக்கிறது. அந்த அடிப்படை எவ்வளவு உறுதியானது என்பது, பதிவேட்டில் எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தியாவின் முதல் பதிவேடு 1963-இல் மும்பையில் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசியத் திட்டத்தில் 1982 முதல் சென்னையின் தரவு திரட்டப்படுகிறது; அடையாறு புற்றுநோய் நிறுவனம் அதை நடத்துகிறது. 2012 முதல் அந்தப் பணி தமிழ்நாடு முழுவதற்கும் விரிந்தது.

டென்மார்க்கில் 1943 முதல் நாடு முழுவதற்கும் பதிவேடு உண்டு. 1968-க்குப் பிறகு ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள அடையாள எண்ணை வைத்துப் பதிவுகளைப் பொருத்திவிடுகிறார்கள். இங்கே பதிவேட்டுப் பணியாளர் நேரில் போய்த்தான் தகவலைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. பயாப்ஸி பார்க்கும் ஆய்வகத்தின் லெட்ஜர், கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவின் நோட்டு, மருத்துவமனை ரெக்கார்டு அறையில் கட்டுக்கட்டாக இருக்கும் கேஸ் ஷீட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். அரசு மருத்துவமனைச் சீட்டில் கணவரின் இனிஷியலோடு இருக்கும் பெண்ணுக்கு, தனியார் ஆய்வக அறிக்கையில் அப்பாவின் இனிஷியல் இருக்கும். வயது ஓரிடத்தில் 45, இன்னோரிடத்தில் 48. ஸ்கேன் சென்டர்க்காரர் பெயரை ஆங்கிலத்தில் வேறு எழுத்துகளில் அடித்திருப்பார். முகவரியோ, சிகிச்சைக்காக வந்து தங்கிய மகன் வீட்டினுடையது. ஓராண்டாவது அந்தப் பகுதியில் வசித்தவரைத்தான் அந்தப் பகுதிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது விதி. இத்தனையையும் பார்த்து, இது ஒருவரா இருவரா, உள்ளூரா வெளியூரா என்று அந்தப் பணியாளர் முடிவெடுக்கிறார். அவர் தவறினால் விகிதமே தவறாகிவிடும்.

மாவட்ட எல்லையும் நோயாளியைக் கட்டுப்படுத்துவதில்லை. குமரிக்காரர் திருவனந்தபுரம் போகிறார், விழுப்புரம்காரர் புதுச்சேரி ஜிப்மருக்கு, ஓசூர்க்காரர் பெங்களூருக்கு. அங்கிருந்து தகவல் வந்து சேராவிட்டால் இந்த மாவட்டங்கள் ஆரோக்கியமானவை போலத் தோன்றும்.

இந்தத் தோற்றப் பிழையைக் கண்டுபிடிக்கத்தான் சர்வதேச அளவில் சில அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். எத்தனை சதவீதம் பேருக்குத் திசுப் பரிசோதனையில் நோய் உறுதியானது என்பது ஒன்று. இது குறைந்தால் நோயறிதல் மீது சந்தேகம் வரும். ஆனால் நூறை நெருங்கினாலும் சந்தேகப்பட வேண்டும்: பணியாளர்கள் ஆய்வகத்தோடு நின்றுவிட்டார்கள், பயாப்ஸி செய்ய முடியாத நிலையில் இருந்த கல்லீரல், நுரையீரல், மூளைப் புற்றுநோயாளிகள் விடுபட்டார்கள் என்று பொருள். இறப்புச் சான்றிதழ் மூலமாக மட்டுமே தெரியவந்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்னொன்று. இது அதிகமானால் உயிரோடு இருந்தபோது அவர்களைப் பதிவேடு தவறவிட்டிருக்கிறது. பூஜ்ஜியமானால், இறப்புப் பதிவுகளை யாரும் புரட்டவே இல்லை என்று ஐயப்பட இடமுண்டு.

2012–2016 காலத்துக்கான தேசியப் பதிவேட்டு அறிக்கையில், ஆண்டுதோறும் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் மிசோரமின் ஐசால் மாவட்டத்து ஆண்களில் லட்சத்துக்கு 269.4 பேர், மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்–பீட் பகுதியில் 39.5 பேர். ஏறத்தாழ ஏழு மடங்கு. வடகிழக்கில் புகையிலைப் பழக்கம் கடுமையானது, நோய் மெய்யாகவே அதிகம். ஆனாலும் அந்த ஏழு மடங்கும் நோயின் வித்தியாசம்தானா? கண்டறியும் வசதி குறைந்த இடத்தில் பதிவும் குறையும். தலைப்புச் செய்தியில் இந்த எண்களைப் போடும் பத்திரிகைகள் அவற்றோடு தரக் குறியீடுகளையும் போடுவதில்லை. அறிக்கையின் உள்பக்கத்தில் அவை தூங்குகின்றன.

மிகப் பெரிய ஓட்டை இறப்பில் இருக்கிறது. 2025-இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, 2015–2019 காலத்துக்கான 43 இந்தியப் பதிவேடுகளின் தரவைத் தொகுத்தது. புதிய நோயாளிகள் 7,08,223 பேர், புற்றுநோய் இறப்புகள் 2,06,457. அதாவது நூறு புதிய நோயாளிகளுக்கு 29 இறப்பு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022 மதிப்பீடோ இந்தியாவுக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள், 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இறப்புகள் என்கிறது: நூற்றுக்கு ஏறக்குறைய 65. மதிப்பீட்டை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் 29-க்கும் 65-க்கும் இடையிலான தூரத்தைச் சிகிச்சையின் வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நோயாளிகள் இறந்தார்கள், பதிவேட்டுக்குத் தெரியவில்லை.

காரணம் ஊரறிந்தது. “இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று அனுப்பப்படுகிறவர் வீட்டில் இறக்கிறார். பதிவில் முதுமை என்றோ, இதயம் நின்றது என்றோ எழுதப்படுகிறது. 2020-இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது 22.5% மட்டுமே. சென்னையில் மருத்துவ ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமியின் குழு 1995–97-இல் இறந்த 48,000 பெரியவர்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பி, கடைசி நாட்களின் அறிகுறிகளை உறவினரிடம் கேட்டு எழுதியது. ‘காரணம் தெளிவில்லை’ என்றிருந்த இறப்புகள் பெருமளவு குறைந்தன. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிறார்கள் என்பதை அது காட்டியது.

இறப்பையும் சேர்த்துப் பின்தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையான பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வினிகர் போன்ற அமிலத்தைத் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதித்தார்கள். ஒரே ஒருமுறை பரிசோதனைதான். பிறகு ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையிலிருந்து இயங்கிய மாவட்டப் பதிவேடு, பரிசோதனை நடந்த ஊர்களிலும் நடக்காத ஊர்களிலும் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார் என்று ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25%, அதனால் நேரும் இறப்பு 35% குறைந்தது. 2007-இல் ‘லான்செட்’ இதழ் இதை வெளியிட்டது. பதிவேடு இல்லாமல் இந்த இரண்டு எண்களும் இல்லை.

பஞ்சாப், மேற்கு வங்கம், கர்நாடகம் போன்ற மாநிலங்கள் புற்றுநோயைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக்கின. தமிழ்நாடும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் ஆணை கையெழுத்தானதாலேயே சிறிய ஆய்வகங்களும் தனியார் மருத்துவமனைகளும் படிவம் நிரப்பிவிடப் போவதில்லை. விடுபட்டதைத் தேடிப் போகவும், இரட்டைப் பதிவை நீக்கவும் பயிற்சி பெற்ற பணியாளர் வேண்டும். அவர்களுக்கு நிரந்தர வேலையும் ஒழுங்கான ஊதியமும் வேண்டும். தற்காலிகமாக வந்துபோகிறவர்களை வைத்து நாற்பது ஆண்டுத் தொடர்ச்சியைக் காக்க முடியாது.

முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்களின் பட்டியலையும், உள்ளாட்சிகளின் இறப்புப் பதிவையும், நோயாளியின் அந்தரங்கம் காக்கப்படும் விதத்தில் பதிவேட்டோடு ஆண்டுதோறும் பொருத்த மாநில அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டில் நேரும் இறப்புகளுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் வழியே காரணம் கேட்டு எழுத வேண்டும். அடுத்த அறிக்கையில், ஒவ்வொரு மாவட்டத்தின் நோய் விகிதத்துக்குப் பக்கத்திலேயே, இறப்புப் பதிவில் எத்தனை சதவீதம் சரிபார்க்கப்பட்டது என்பதையும் தமிழில் அச்சிட்டு மக்கள் முன் வைக்க வேண்டும்.