டேபிளைத் தூக்கிப் போடலாமா?

ஸ்கூபா டைவிங் பழகுகிறவர்கள் மத்தியில் ஒரு பேச்சு: "கையில டைவ் கம்ப்யூட்டர் இருக்கு, அப்புறம் டேபிள் எதுக்கு?" பல அடிப்படைப் பயிற்சிகளில் இப்போது டேபிள் கட்டாயமும் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டேலி வந்த பிறகு பேரேட்டைக் கையால் யார் கூட்டுகிறார்கள்? ஆனால் டெபிட் எது கிரெடிட் எது என்றே தெரியாத ஆளிடம் டேலியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பி.காம். படிக்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள் :-)

விஷயம் இதுதான். ஆழம் போகப் போக அழுத்தம் கூடி, சுவாசிக்கிற காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. அதிகமாகக் கரைந்த பிறகு விறுவிறுவென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ் குமிழாகக் கிளம்பும். மூட்டு வலியோடும் போகலாம், கை கால் விளங்காமலும் போகலாம், உயிரே போகலாம். இதைத் தடுக்க ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்துப் பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போட்ட டேபிள் 1908-ல் வெளிவந்தது. இன்றைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஓடுவது சுவிட்சர்லாந்து டாக்டர் பூல்மானின் கணக்கு. அதுவும் ஹால்டேன் போட்ட பாதைதான். ஆக, இரண்டும் ஒரே வம்சம்.

தண்ணீருக்குள் கம்ப்யூட்டர்தான் உசத்தி, சந்தேகமே வேண்டாம். 30 மீட்டரில் 5 நிமிடம் இருந்துவிட்டு மீதியை 12 மீட்டரில் கழித்தாலும், சாதாரண டேபிள் முழு டைவையும் 30 மீட்டராகவே எடுத்துக்கொள்ளும். பேடி டேபிள்படி 20 நிமிடத்தோடு கதை முடிந்தது. கம்ப்யூட்டரோ நிஜமாக இருந்த ஆழத்தைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தும்.

ஆனால் டேபிளின் அந்தக் கஞ்சத்தனம்தான் பல நாள் ஆட்களைக் காப்பாற்றியது. திரையில் கடைசி ஒரு நிமிடம் வரும்வரை கீழேயே சுற்றுகிறவருக்கு அந்த மிச்சம் கிடையாது.

வாடகைக் கம்ப்யூட்டர் இன்னும் மோசம். காலையில் 18 மீட்டரில் 50 நிமிடம் ஒரு டைவ். மதியம் வேறொரு கம்ப்யூட்டரை எடுத்து மாட்டுகிறார்கள். அது நேற்றிலிருந்து அலமாரியில் தூங்கியது. காலையில் ஏறிய நைட்ரஜன் அதற்கு எப்படித் தெரியும்? புது உடம்பு என்று நினைத்துத் தாராளமாக நேரம் காட்டும். டேபிள் படித்தவருக்கு, "இரண்டாவது டைவுக்கு இவ்வளவு வராதே" என்று உடனே உறைக்கும். படிக்காதவர் திரையை நம்பி இறங்கிவிடுவார். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று போகிறவர்கள் கதையும் இதேதான்.

"அதுலயே பிளான் மோட் இருக்கே!" இருக்கிறது. படகிலிருந்து குதிக்கும் முன் எத்தனை பேர் அதைத் திறந்து பார்க்கிறார்கள்? குதித்த பிறகு திரை சொல்வது தகவல், திட்டம் அல்ல.

ஒரு பிளாஸ்டிக் அட்டை, சில மணி நேர வகுப்பு. இதை மிச்சம் பிடிப்பதில் லாபம் யாருக்கு? அடுத்த பேட்ச்சைச் சீக்கிரம் உள்ளே தள்ளி ஃபீஸ் வாங்க நினைக்கிறவர்களுக்கு மட்டும்தான்.