வெண்புள்ளியும் பெண்ணுள்ளமும்

மடவளையிலே ஒரு கலியாண வீடு. பெண்கள் கூடத்திற் சிரிப்பும் பேச்சும் நிறைந்திருக்கின்றன. சஹன் வைத்தாயிற்று. ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்தவர்களுள் ஓர் இளநங்கை, உண்பதற்காகச் சட்டைக் கையைச் சற்றே உயர்த்துகின்றாள். புறங்கையில் வெண்புள்ளிகள் தெரிகின்றன. அருகிலிருந்த இருவர் ஏதோ காரணங் கூறி, அடுத்த சஹனுக்கு நகர்கின்றனர். அவள் ஒரு பிடி சோறும் உண்ணாமலே எழுந்துவிடுகின்றாள். இத்தகைய காட்சியைக் காணாதார் நம்முள் எவர்?

அன்பர்களே, இப்புள்ளிகள் தொற்றுவனவல்ல. ஒரே சஹனில் உண்பதாலோ, கைகோத்து நடப்பதாலோ பரவுவனவுமல்ல. நமது உடலின் காவற்படையே, சருமத்துக்கு நிறமளிக்கும் கலங்களைப் பகையென எண்ணி அழித்துவிடுவதால் விளைவது இது. மீனையும் பாலையும் சேர்த்து உண்டதன் பயன் என்பாரும் உளர், அதற்கு ஆதாரமில்லை.

இதனை நாம் ‘வெண்குஷ்டம்’ என்று வழங்கி வந்தமையே பெருந்தவறு. குஷ்டம் கிருமியால் வருவது. அதன் தேமலிற் பெரும்பாலும் உணர்ச்சி குன்றும். வெண்புள்ளியில் உணர்ச்சி குன்றுவதில்லை. குஷ்டமுங்கூட இன்று மருந்தாற் குணமாகும் நோயே. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டில் அப்பழைய பெயரை விலக்கி, ‘வெண்புள்ளி’ என்னும் பெயரை ஏற்றது. நாமும் நாவைத் திருத்திக்கொள்ளலாகாதா?

விவாகப் பேச்சு எழும்போதுதான் இத்துன்பம் முற்றுகின்றது. ஆணிடத்துப் பொறுக்கப்படும் புள்ளி பெண்ணிடத்துக் குற்றமாகின்றது. அவள் தங்கையின் சம்பந்தமும் தடைப்படுகின்றது. சில குடும்பங்களில் இந்நோய் தொடர்வதுண்டு. எனினும், தாய்க்கு இருப்பதனாற் பிள்ளைக்கும் வந்தே தீருமென்பதில்லை. இவ்வுண்மையை அறியாத வீட்டார், கெட்டிக்காரப் பெண்ணையும் அறைக்குள் முடக்கிவிடுகின்றனர். பள்ளியை விட்டு நின்றவரும், கண்ணாடியை வெறுத்தவரும் உண்டு.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மறைத்து வைப்பது மருந்தாகாது. கண்டித் தேசிய வைத்தியசாலையிலே சருமநோய்ச் சிகிச்சை உண்டு. பூசும் மருந்தாலும், ஒளிச் சிகிச்சையாலும் பலருக்கு நிறம் ஓரளவு மீளுகின்றது. மாதக்கணக்கிற் பொறுமை வேண்டும். அப்பொறுமையை அவளுக்கு ஊட்டவேண்டியவர் வீட்டாரே.

மற்றையோர்க்கும் ஒரு வார்த்தை. அடுத்த கலியாண வீட்டில் அப்பெண் அமர்ந்திருக்கும் சஹனில் இடம் வெறுமையாயிருப்பின், நாம் சென்று அமர்வோமாக. வைத்தியர் அளிக்கவியலாத மருந்து அதுவே.