நம் ஊரை நமக்கு யார் காட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணி. புதுச்சேரி கதிர்காமத்தில் ஒரு டீக்கடை. கடை வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. உள்ளே வெளியூர்க் குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். டிரைவர் தலையை வெளியே நீட்டுகிறார்.

"பெரியவரே, அரிக்கமேட்டுக்கு எப்படிப் போகணும்?"

பெஞ்சில் இருந்தவர் யோசிக்கிறார். "கடலூர் ரோட்டைப் பிடிச்சுப் போங்க. அரியாங்குப்பத்திலே விசாரிங்க" என்கிறார். கார் போய்விட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் பேரன் கேட்கிறான்: "தாத்தா, அரிக்கமேட்டிலே என்னா இருக்கு?"

தாத்தாவிடம் பதில் இல்லை. "என்னமோ பழைய இடமாம்" என்று டீயைக் குடிக்கிறார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. நம்மில் பலருடைய வீட்டுக் கதை. வெளியூர்க்காரர் காசு கொடுத்து, தனி வண்டி பிடித்து, கூட ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு, ஒரு நாள் முழுவதும் நம் கடற்கரையைச் சுற்றிப் பார்க்கிறார். சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற நாமோ, அதைப் பார்த்ததில்லை. பிறகு, நம் ஊரின் கதையை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது?

பிள்ளைகள் கையில் இருந்த மணி

அரிக்கமேடு எங்கே இருக்கிறது? அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கம். இன்று பார்த்தால் மாமரமும் மேடும்தான் தெரியும்.

அந்த மேட்டில் மழை பெய்தால் மண் கரையும். மண்ணுக்குள் இருந்து வண்ண வண்ண மணிகள் வெளியே வரும். ஊர்ப் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கி விளையாடுவார்கள். பெரியவர்கள் அங்கே கிடைத்த பழைய செங்கல்லைத் தோண்டி எடுத்துப் போவார்கள். இப்படிச் செங்கல் எடுத்ததாக 18-ம் நூற்றாண்டிலேயே குறிப்பு இருக்கிறது.

ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1937-ம் ஆண்டில் இந்த மணிகளைப் பார்த்தார். பிள்ளைகளிடம் காசு கொடுத்து வாங்கினார். அப்படிச் சேர்ந்தவற்றுள் ஒரு கல்லில் மனித முகம் செதுக்கப்பட்டிருந்தது. அது ரோம் நாட்டுச் சக்கரவர்த்தி அகஸ்டஸின் முகம் என்று அவர் கருதினார்.

பிறகு 1945-ம் ஆண்டு, இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். இத்தாலி நாட்டில் செய்த மட்பாண்டங்கள் கிடைத்தன. ஒயினும் எண்ணெயும் கொண்டுவந்த பெரிய ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் இது ஒரு துறைமுகப் பட்டினம் என்று உலகம் தெரிந்துகொண்டது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற அறிஞர் மீண்டும் தோண்டினார். ரோமர் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்று அந்த ஆராய்ச்சி காட்டியது.

ஆக, வெளிநாட்டான் வந்து நம்மை ஊராக்கவில்லை. ஊர் இருந்தது. தொழில் இருந்தது. அதனால்தான் அவன் கப்பலில் வந்தான். தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு கடலைக் கடந்து வந்தார்கள். மணியும் துணியும் வாங்கிப் போனார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சரித்திரம் நம் பிள்ளைகளின் உள்ளங்கையில் இருந்தது. அதன் மதிப்பு தெரிந்தவர் வெளியில் இருந்து வரவேண்டியிருந்தது! இனியும் அப்படியே இருக்கலாமா?

வழிகாட்டி சொல்வதெல்லாம் சரியா?

வழிகாட்டி என்பவர் சாதாரண ஆள் அல்ல. ஒரு நாளைக்கு அவர் வாத்தியார். அவர் சொல்வதை வந்தவர்கள் நம்புவார்கள். ஊருக்குப் போய் நாலு பேரிடம் சொல்வார்கள். ஆகவே அவர் வாயில் பொய் வரக்கூடாது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். அரிக்கமேட்டில் செங்கல் தூண்களோடு ஓர் இடிந்த கட்டிடம் நிற்கிறது. "இதுதான் ரோமர் கட்டியது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது 18-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ குருமார் கட்டிய மடம். ரோமர் காலத்துப் பொருள்கள் மண்ணுக்குள் இருந்து கிடைத்தவை. அவற்றில் பலவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். "ஒன்றும் இல்லையே" என்று ஏமாறக்கூடாது. காலுக்குக் கீழே இருக்கிறது ஒரு பட்டினம்!

அது கட்டுக்கதை என்றால் கட்டுக்கதை என்றே சொல்லவேண்டும். பாரதி பூங்காவில் வெள்ளையாக ஒரு மண்டபம் இருக்கிறதே, ஆயி மண்டபம், அதன் கதை உங்களுக்குத் தெரியுமா? கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தாராம். விளக்குகள் ஜொலித்த ஒரு மாளிகையைப் பார்த்துக் கோவில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் கொண்டு, இடிக்கச் சொன்னாராம். ஆயி தானே வீட்டை இடித்தாள். அந்த இடத்தில் மக்களுக்காகக் குளம் வெட்டினாள் என்பது கதை.

இது செவிவழிக் கதை. ஆனால் அதன் பின்னால் உண்மை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரப்பாளையத்து நீரைக் குழாய் வழியாக நகருக்குக் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாக எழுந்ததுதான் அந்த மண்டபம். கதிர்காமத்துக்காரர்களே, முத்திரப்பாளையம் நமக்கு வெகு தூரமா? நம் பக்கத்துத் தண்ணீரைத்தான் நகரத்து மக்கள் குடித்தார்கள். இதை நம் பிள்ளைக்குச் சொன்னால் அவன் நெஞ்சு நிமிராதா?

சொல்லாமல் விடும் இடங்கள்

சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் கடற்கரைச் சாலைக்கும் வெள்ளையர் வாழ்ந்த தெருக்களுக்கும் போகின்றன. மஞ்சள் சுவர், பெரிய கதவு, பூங்கொடி. போட்டோ எடுக்க அழகுதான். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். அங்கேதான் தமிழர் தெருக்கள். வெள்ளைக்காரன் வீட்டுக்கு உயர்ந்த மதில். தமிழன் வீட்டுக்குத் திண்ணை. வழிப்போக்கன் உட்காருவதற்காகவே கட்டிய திண்ணை! இரண்டு சமுதாயங்களின் மனமும் இரண்டு வாசல்களில் தெரிகிறது.

அங்கே ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. கவர்னர் துப்ளேக்சுக்கு அவர் துபாஷ். அதாவது, இரு மொழி தெரிந்து, வியாபாரத்தையும் அரசாங்கக் காரியத்தையும் முடித்துக் கொடுப்பவர். 1736-ம் ஆண்டு முதல் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாரோடு சண்டை, கவர்னர் என்ன சொன்னார், எல்லாம் எழுதினார். 1761-ம் ஆண்டு ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் நகரம் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் அவர்கள் இடித்துத் தள்ளினார்கள். கல் கட்டிடம் போயிற்று. காகிதத்தில் எழுதியது நின்றது!

பாரதியார் 1908-ம் ஆண்டு இங்கே வந்து பத்து ஆண்டு வாழ்ந்தார். அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. பாரதிதாசன் வாழ்ந்த வீடும் அப்படியே.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1936-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி, பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் துப்பாக்கிகள் சுட்டன. 12 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை என்ற உரிமை இங்கே வந்தது. அன்று சங்கு ஊதிய பெரிய ஆலைகள் இன்று ஓடவில்லை. ஆனால் ஆலைத் தொழிலாளியின் பேரனும் பேத்தியும் இந்த மண்ணில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய சரித்திரத்தைக் காட்டாத சுற்றுலா, அரைச் சுற்றுலாதான்.

இடிந்த பிறகு அழுது பயன் இல்லை

கடற்கரைச் சாலையில் மேரி என்று சொல்லும் பழைய நகரசபைக் கட்டிடம் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் கட்டியது. 2014-ம் ஆண்டு நவம்பர் மாத மழையில் அது இடிந்து விழுந்தது. பழைய மாதிரியிலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். பல கோடி ரூபாய் செலவு. காலத்தில் கவனித்திருந்தால்?

கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. வைசியாள் வீதியில் வரிசையாகப் பழைய வீடுகளைப் பழுது பார்த்தார்கள். 2008-ம் ஆண்டு யுனெஸ்கோ விருது கிடைத்தது.

கடலும் ஒரு பாடம் சொல்கிறது. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும் பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980-களின் இறுதியில் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் கரைகள் போட்டார்கள். மணல் அங்கே தடைப்பட்டது. வடக்கே கடல் கரையைத் தின்றது. மணல் இருந்த இடத்தில் கருங்கல் குவித்தார்கள். 2018-ம் ஆண்டு கடலுக்குள் ஒரு தடுப்பு அமைத்த பிறகு, ஒரு பகுதியில் மணல் திரும்பி வந்தது. கை வைப்பதற்கு முன் யோசிக்கவேண்டும் என்பதே இதன் பாடம். பழைய வீட்டுக்கும் அதுதான். கடலுக்கும் அதுதான்.

என்ன செய்யலாம்?

தனி வண்டியும் தனி வழிகாட்டியும் பணக்காரருக்குத்தானே என்று கேட்பீர்கள். ஒரு குடும்பத்துக்கு அது பாரம்தான். ஒரு தெருவில் நான்கு குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வேன் பிடிக்கலாம். செலவு நாலில் ஒரு பங்கு. பாட்டியையும் கூட்டிக்கொண்டு போகலாம். புளிச்சோறு கட்டிக்கொண்டால் ஓட்டல் செலவும் இல்லை.

வெயில் ஏறும் முன் அரிக்கமேடு. பிறகு அருங்காட்சியகம். திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை. அப்புறம் பாரதியார் வீடு, பாரதிதாசன் வீடு. ரங்கப் பிள்ளை வீட்டை வெளியே நின்றாவது பாருங்கள். மாலையில் ஆயி மண்டபம். பொழுது சாய்ந்ததும் கடற்கரை. இன்னொரு நாள் கீழூருக்குப் போங்கள். 1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி அங்கேதான் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. நாம் எப்படி இந்தியர் ஆனோம் என்று பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டாமா?

வழிகாட்டி வைத்தால், முதலில் கூலியைப் பேசி முடியுங்கள். அரசு அங்கீகாரம் பெற்றவரா என்று அட்டையைக் கேளுங்கள். கேட்பதில் தப்பு இல்லை. அரிக்கமேட்டில் மணியோ ஓடோ கண்ணில் பட்டால் எடுத்து வராதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். தோண்டுவது சட்டப்படி குற்றம்.

அரசாங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பழைய இடத்திலும் தமிழில் பலகை வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் படிக்கும்படி, பெரிய எழுத்தில், சின்ன வாக்கியத்தில் வேண்டும். பெண்களும் குழந்தைகளும் வந்தால் குடிக்கத் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். கதிர்காமம் போன்ற ஊர்களில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்து வழிகாட்டி ஆக்கலாம். சொந்த ஊர்ப் பிள்ளை சொல்லும் கதைக்குத் தனி ருசி உண்டு. அவன் குடும்பத்துக்கும் வருமானம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்த டீக்கடைக்கு ஒரு கார் வரும். "அரிக்கமேட்டிலே என்ன இருக்கு?" என்று யாராவது கேட்பார்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியவன் அந்தப் பேரன்!

"வாங்க சார், நான் காட்டுறேன்!" என்று அவன் எழுந்து நிற்கட்டும். அதற்கு முன், தாத்தா ஒரு நாள் அவனை அழைத்துப் போகட்டும்.