மாத்திரையும் காற்றும் சோறும்

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையம் ஒரு காசநோய் மருத்துவமனையின் பெயரைத் தாங்கியுள்ளது. டாக்டர் சௌரி முத்து 1928இல் அதை நிறுவியபோது அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்குமே இல்லை. தூய காற்று, சத்துணவு, ஓய்வு, கலங்காத மனம் ஆகியவையே சிகிச்சை.

மருந்துகள் வந்தபின், 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளில் ஒரு சாரார் சானடோரியத்தில் நல்லுணவோடு இருந்தனர். மறு சாரார் நெரிசலான தம் வீடுகளில், எளிய உணவோடு. மருந்து இருவருக்கும் ஒன்றே. ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர்.

ஆகவே, இருமல் நின்று உடல் சற்றுத் தேறியதும், "இனி இயற்கை உணவே போதும்" என்று மாத்திரையைக் கைவிடுவோரைக் கண்டால் எனக்கு அச்சமே மேலிடுகிறது. பாதியில் நிறுத்தினால் நோய் மீளக்கூடும். அப்போது பழைய மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

உணவு அற்பமானது என்பதன்று என் கருத்து. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாரில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் வழங்கினர். அவ்வீடுகளில் புதிதாக நோயுற்றோர் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தனர்! அன்னைக்கு முட்டை அவித்துக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் ரசஞ்சோற்றோடு எழுந்துவிடும் மகள் தனக்கும் ஒன்று அவித்துக்கொள்ளட்டும். அபிராமபுரத்தின் நெருக்கமான அடுக்ககங்களில் மாலையில் கொசுவுக்கு அஞ்சிச் சன்னலை அடைக்கிறோம். பகலிலாவது அது திறந்திருக்கட்டும்.