கோடையில் மதுரை: இடமும் பொழுதும்

கோடை விடுமுறையில் மதுரை செல்வதென்று முடிவானதும் நாங்கள் முதலில் செய்தது பட்டியல் போட்டதுதான். பார்க்க ஏழு இடங்கள், உண்ண ஒன்பது பண்டங்கள். முதல் நாளே அது பொய்த்தது. மீனாட்சியம்மன் கோயிலை அடைந்தபோது மதிய நடை சாத்தியிருந்தது. கொதிக்கும் கல்தரையில் வெறுங்காலோடு நிற்கவும் முடியவில்லை.

பிழை எங்களுடையது. இடங்களை எண்ணினோமே தவிர, பொழுதுகளை எண்ணவில்லை. மாங்குடி மருதனார் இதை அறிந்திருந்தார். 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சியில் நகரை வருணிக்கும் பகுதி பொழுதின் வரிசையில் நகர்கிறது: பகலில் நாளங்காடி, மாலையில் அல்லங்காடி, பின் இரவின் யாமங்கள், இறுதியில் விடியல். பலாச்சுளையும் மாங்கனியும்கூட அதில் உண்டு.

மறுநாள் அவர் வழியே சென்றோம். விடியலில் கோயில். முற்பகலில், 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களுக்கிடையே நிழல். நண்பகலில் நுங்கும் உறக்கமும் மட்டுமே. வெயில் தாழ்ந்தபின் பாலும் பாதாம் பிசினும் நன்னாரியும் சேர்ந்த ஜிகர்தண்டா. இரவில் மாசி வீதிகளில் நடை. ஆவி பறக்கும் இட்லி, பிறகு கறிதோசை.

ஏழில் இரண்டு இடங்கள், ஒன்பதில் நான்கு பண்டங்கள். குறையென்று தோன்றவில்லை, முதன்முறையாக ஊரைப் பார்த்தோம் என்றே தோன்றியது. கோடையில் ஒரு நகருக்குச் செல்பவர் ‘எங்கே’ என்பதற்கு முன் ‘எப்போது’ என்று கேட்பது நல்லது. நண்பகலை வெறுமையாக விட மனமில்லாதவர்கள் மார்கழியில் போகலாம்.