பாராத பயிர்

அடிக்கல் நாட்டும் நாளில் மாலைகள் குவிகின்றன. திறப்புவிழா நாளில் மேளம் முழங்குகிறது. இவ்விரு நாள்களுக்கும் இடையிற் கழியும் ஆண்டுகளை எவரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும், ஒரு திட்டம் மக்களுக்கு நன்மையாய் முடிவதும் தீமையாய் முடிவதும் அந்த இடைக்காலத்திலேயே தீர்மானமாகின்றன. இவ்வுண்மையை ஊவா மாகாணத்து மக்கள் பெருவிலை கொடுத்தே கற்றனர். உமா ஓயாத் திட்டத்தையே குறிப்பிடுகிறோம்.

புகுல்பொல, டயரபா ஆகிய இடங்களில் அணைகட்டி நீரைத் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கவழியே வெல்லவாயப் பக்கம் இறக்கி, 120 மெகாவாட் மின்சாரம் பெறுவதும், அந்நீரை மொனராகலை, அம்பாந்தோட்டை மாவட்டங்களின் வரண்ட வயல்களுக்கு ஊட்டுவதும் அதன் நோக்கம். அந்நோக்கத்திற் குற்றங் காண்போர் நாமல்லர். வெல்லவாய உழவனின் தாகம் நமது தாகமுமாகும்.

ஆனால் நடந்தது என்ன? 2008 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2015இல் முடிவுற வேண்டிய வேலை, 2024 ஏப்ரல் 24ஆந் திகதியே திறந்துவைக்கப்பட்டது. 51 கோடி டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்திற்கு ஈரானிய வங்கி சுமார் 5 கோடி டொலர் வழங்கிய நிலையில், அந்நாட்டின் மீதான பொருளாதாரத் தடைகள் குறுக்கிட்டன. எஞ்சிய சுமை நம் திறைசேரியின் தலையில் விழுந்தது.

பணத்திலும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. 2014 டிசம்பரில், குடைந்துகொண்டிருந்த சுரங்கத்தினுள் நிலத்தடி நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. குடிநீர் பவுசரில் வந்தது. 2017இல் மீண்டும் நீர் பாய்ந்தது. அவ்வாண்டு ஜூனில் பண்டாரவளைத் தெருக்களில் மக்கள் திரண்ட பின்னரே கொழும்பு திரும்பிப் பார்த்தது.

பாறையின் வெடிப்புகளை முன்கூட்டியே துளையிட்டுச் சோதிப்பதும், சீமெந்துக் கலவையைச் செலுத்தி அவற்றை அடைத்த பின் முன்னேறுவதும் சுரங்கத் தொழில் அறிந்தோர் கைக்கொள்ளும் முறை. வேலை தொடங்குமுன் ஒவ்வொரு கிணற்றின் நீர்மட்டத்தையும் குறித்துவைத்து, மாதந்தோறும் அளந்து, அக்கணக்கை ஊரறியச் செய்வதும் செய்யக்கூடியதே. அக்கணக்கு மக்கள் கையில் இருந்தால், நட்டஈடு கேட்டு அலைய வேண்டிய அவலமும் குறையும். சொந்த நிலத்துக்கு உறுதி வைத்திருப்பவனே அலைகிறான் எனில், உறுதியேதும் இல்லாது லயன் அறையில் வாழும் தோட்டத் தொழிலாளி, வெடித்த சுவருக்கு எந்த ஆவணத்தைக் காட்டுவான்?

"பாராத பயிரும் கேளாத கடனும் பாழ்" என்பர் நம் முன்னோர். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் இன்று நமக்குச் சட்டமும் துணைநிற்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அதன் விபரங்களைப் பாதிக்கப்படக்கூடியோருக்கு அறிவிக்குமாறு அமைச்சரைப் பணிக்கிறது. அது மட்டுமன்று, பிரஜை ஒருவர் எழுத்திற் கேட்பின், வேலை நடைபெறும் காலம் முழுவதும் புதிய விபரங்களை வழங்கவும் வேண்டும். இச்சட்டம் 2014இல் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் தமிழில் எழுதித் தமிழிலேயே விடை பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. இருக்கும் உரிமையை எடுத்தாளாதிருப்பின் அத்தவறு நம்முடையதே.

2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளைச் சரித்தது. வீடிழந்தோருக்கு வீடு கட்டும் வேலைக்கும் அடிக்கல்லும் திறப்புவிழாவும் உண்டு; இடைக்காலமும் உண்டு. எந்நிலம் பாதுகாப்பானதென எவர் உறுதிசெய்தார்? எத்தனை வீடுகள் கூரைமட்டம் எட்டின? ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவாயிற்று? மாதந்தோறும் கேட்கவேண்டிய கேள்விகள் இவை.

எனவே, ஒவ்வொரு தோட்டத்திலும் கிராமத்திலும் ஐந்து பேர் கொண்ட கண்காணிப்புக் குழு அமையட்டும். தமிழரும் சிங்களவரும் அதில் ஒருங்கே அமரட்டும். வற்றிய கிணறு இனம் பார்த்து வற்றவில்லை. விண்ணப்பம் எழுதச் சட்டத்தரணிகளும், வரைபடத்தையும் கணக்கையும் படித்துச் சொல்லப் பொறியியலாளரும் ஆசிரியரும் முன்வர வேண்டும். கற்றோர் தம் ஊருக்குப் பட்ட கடன் அது. திறப்புவிழாவுக்கு அழைப்பிதழ் வரும்வரை காத்திருப்பது நமக்கு அழகன்று. வேலை நடக்கும் இடத்திற்கு இன்றே செல்வோம், கணக்கைக் கேட்போம்.